பின்வயல் ருசி

பாஸ்டன்
12 அக்டோபர் 2013

எல்வுட் அண்ணா,

என் குரலைக் கேட்டதும் இரண்டு முறை ஃபோனை வைத்துவிட்டாய். அதனால்தான் கடிதம். இதை அடுப்பில் போடுவதென்றாலும் படித்துவிட்டுப் போடு.

அப்பாவுக்கு மறதி நோய் என்று டாக்டர் சொல்லிப் பத்து மாதம் ஆகிவிட்டதாம். எனக்குச் சொன்னது நீ இல்லை, ஆர்வில்லா அத்தை. பேசில் மாமாவுக்கும் அதே தொல்லை ஆரம்பித்திருக்கிறது என்று அழுதுகொண்டே, "உங்க அப்பாவுக்கு வந்த மாதிரியேதான் டெலியா" என்றார்கள். எனக்குத் தெரியாது என்று அவர்களிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. தெரிந்ததுபோல "ஆமாம் அத்தை" என்றேன். இந்தப் பொய்யை என்னைச் சொல்ல வைத்தவன் நீதான்.

நான்கு வருடம் முன்பு நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். சாலையோரக் கடையில் அப்பா பலகை எழுதி வைத்தார்: 'எங்கள் காட்டு புளூபெர்ரி தின்றால் மறதி வராது, வயசும் ஏறாது.' இது நிரூபிக்கப்படாத விஷயம் என்று வாங்க வந்தவர்கள் முன்னாலேயே நான் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அப்பா பலகையைக் கழற்றி என் காரில் போட்டு, "நிரூபிச்சுட்டு வா. அதுவரைக்கும் இந்தப் பக்கம் தலை காட்டாதே" என்றார். பலகை இன்னும் என் வீட்டு அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பழத்தின் நீலத்துக்குக் காரணமான சத்து, அந்தோசயனின் என்பார்கள், மூளையின் தேய்மானத்தை மெதுவாக்குமா என்று பார்க்க எங்கள் ஆய்வுக்கூடம் ஓர் ஆய்வு தொடங்குகிறது. மறதி தொடங்கியவர்களுக்கு ஒன்றரை வருடம், தினமும் ஒரு பொட்டலம் பொடி தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும். பாதிப் பேருக்கு நிஜப் பழப்பொடி. மீதிப் பேருக்கு அதே நிறத்தில் போலிப் பொடி. யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. உங்கள் வட்டார மருத்துவமனையிலும் ஆள் சேர்க்கிறார்கள். அப்பாவைச் சேர்த்துவிடு. பேசில் மாமாவையும்.

இரண்டு பொடிகளையும் தயாரிப்பது நான். அதனால் அப்பா சேர்ந்தால் ஆய்வு முடியும்வரை நான் அவரைப் பார்க்கக் கூடாது என்று தலைவர் நிபந்தனை போட்டிருக்கிறார். ஒப்புக்கொண்டுவிட்டேன். நான்கு வருடம் பார்க்காதவளுக்கு இன்னும் ஒன்றரை வருடம் பெரிதா என்று நீ கேட்பாய். பெரிதுதான் அண்ணா. அப்பா என்னை மறப்பதற்குள் நிரூபித்துவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

டெலியா

*

ஸ்ப்ரூஸ் ரிட்ஜ், மெய்ன்
3 நவம்பர் 2013

டெலியா,

அடுப்பில் போடவில்லை. ஈர விறகு, பற்றவே இல்லை.

உனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாய்? இப்போது செய்த மாதிரி ஒரு பொட்டலம் அனுப்பியிருப்பாய். அப்பா ரப்பர் பூட்ஸை ஃப்ரீசரில் வைத்துவிட்டு நாள் முழுக்கத் தேடுகிறார். பழம் வாரும் பல்வாரியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று போன ஆகஸ்டில் என்னைக் கேட்டார். அறுபது வருடம் குனிந்து பழம் வாரிய கை! அன்றைக்கு வேலையை நிறுத்தி, வரிசைக்குக் கட்டியிருந்த கயிற்றையெல்லாம் அவிழ்த்துவிட்டேன், மழை வரும் என்று ஆட்களிடம் பொய் சொல்லி. இதையெல்லாம் கடிதத்தில் எழுதி அனுப்ப எனக்கு நேரமில்லை.

எழுபது ஏக்கர் புளூபெர்ரிக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் மனுஷனுக்குப் பாஸ்டனிலிருந்து புளூபெர்ரிப் பொடி! ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். சொன்னேன், சிரித்தார்கள்.

ஆனாலும் அப்பாவிடம் கேட்டேன். "யார் நடத்துற ஆய்வு?" என்றார். "உங்க மகள் வேலை செய்யற இடம்" என்றேன். தேடிக்கொண்டிருந்த பூட்ஸை விட்டுவிட்டு நிமிர்ந்தார். பிறகு, "அவ நிரூபிக்கப் போறாளா?" என்றார். "பார்க்கலாம்னு சொல்றா." "அப்போ எழுதிக்கோ என் பேரை" என்றார். பூட்ஸ் வைத்த இடம் நினைவில்லை, உன்னோடு போட்ட சண்டை மட்டும் நினைவிருக்கிறது.

பேசில் மாமாவும் சேர்கிறார். ஆர்வில்லா அத்தைக்குக் கண் ஆபரேஷனுக்குப் பிறகு வண்டி ஓட்ட முடியாது. இரண்டு வீட்டுப் பெட்டியையும் மாதா மாதம் நான்தான் போய் வாங்கி வர வேண்டும். அதற்கும் இந்த எல்வுட்தான்.

எல்வுட்

*

ஸ்ப்ரூஸ் ரிட்ஜ்
19 பிப்ரவரி 2014

டெலியா,

ஒரு கேள்வி. நேராகப் பதில் சொல்லு, பேராசிரியர் மாதிரிச் சுற்றி வளைக்காதே.

அப்பாவுக்கு வந்த பொட்டலத்தை நான் நாக்கில் வைத்துப் பார்த்தேன். சாக்பீஸ். லேசாகப் புளிப்பு, பிறகு காய்ந்த அட்டைப்பெட்டி வாசனை. சனிக்கிழமை அத்தை வீட்டுக்குச் சீட்டாடப் போனபோது பேசில் மாமாவின் டம்ளரில் ஒரு வாய் குடித்தேன். அம்மாடி! அது நம் பின்வயல் பழம். குளத்துக்கு மேற்கே பாறைக்குப் பக்கத்தில் விளையுமே, பாதி இனிப்பு, பாதி பைன் மர வாடை, அதே பழம். ஆகஸ்ட் மாதம் வெயிலில் நின்று தின்ற மாதிரி இருந்தது.

நம் வீட்டு நாக்கைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டாம். தூற்றும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, இது எந்த வயல் பழம் என்று சொன்னவருடைய பிள்ளை நான். எனக்குத் தெரியாதா?

அப்பாவுக்குக் கொடுப்பது போலி. ஆமாம் என்றோ இல்லை என்றோ எழுது. அவருக்கு நாட்கள் போய்க்கொண்டே இருக்கின்றன. நேற்று என்னைத் தன் தம்பி என்று நினைத்து, செத்துப்போன தாத்தாவைப் பற்றி ரகசியம் பேசினார். ஒன்றரை வருடம் சாக்பீஸ் குடித்துக்கொண்டு காத்திருக்க முடியாது.

எல்வுட்

*

பாஸ்டன்
4 மார்ச் 2014

அண்ணா,

இந்தப் பதிலை நான் எழுதவே கூடாது. மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

யாருக்கு எது என்ற பட்டியல் என்னிடம் இல்லை. இருந்தாலும் சொல்ல மாட்டேன். ஒருவருக்குச் சொன்னால் முழு ஆய்வும் பாழ். பிறகு அப்பாவிடம் நான் எதைக் கொண்டுபோய்க் காட்டுவது?

உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். இனிமேல் ருசி பார்க்காதே. அப்பாவுக்கு வந்ததை அப்பாவுக்குக் கொடு, மாமாவுக்கு வந்ததை மாமாவுக்குக் கொடு. வேறு எதுவும் செய்யாதே. உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் நன்றாகத் தூங்கினேன் என்று மட்டும் சொல்கிறேன். அதற்கு மேல் கேட்காதே.

டெலியா

*

ஸ்ப்ரூஸ் ரிட்ஜ்
24 ஆகஸ்ட் 2014

டெலியா,

உன் மார்ச் மாதக் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. இங்கே அப்பா சாக்பீஸ் குடிக்கிறார், அங்கே நீ நன்றாகத் தூங்குகிறாய் என்று படித்தபோது டிரக்கின் கதவை உதைத்தேன். கதவு இன்னும் சரியாக மூடுவதில்லை.

அதை விடு. நல்ல சேதி இருக்கிறது. நேற்று அப்பா பழம் வாரினார்! இரண்டு முழு வரிசை. நான் பல்வாரியைக் கையில் கொடுத்ததும் கை தானாகப் போய்ப் பிடித்துக்கொண்டது. பேசில் மாமா பக்கத்து வரிசையிலிருந்து, "ஹார்லன், செடியைப் பிடுங்காதே, பழத்தை மட்டும் எடு" என்று கிண்டல் பண்ண, அப்பா, "உன் கூடையில பாதி இலைடா" என்றார். ஆட்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். நான் இயந்திரத்துக்குப் பின்னால் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்தேன். இது உனக்கு மட்டும்.

காலையில் எழுந்ததும் அவரே பொட்டலத்தைக் கேட்டு வாங்குகிறார். முன்பெல்லாம் முகத்தைச் சுளிப்பார். இப்போது டம்ளரைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டுவரை குடிக்கிறார். வேலை செய்கிறது டெலியா. நீ உன் பலகையைத் தூசி தட்டி வை.

எல்வுட்

*

பாஸ்டன்
2 செப்டம்பர் 2014

அண்ணா,

உன் கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன். நல்ல நாள் ஒன்று வருவது இந்த நோயில் சகஜம், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சந்தோஷமாக இருக்கிறது.

முகம் சுளிப்பது நின்றுவிட்டது என்று எழுதியிருக்கிறாயே, அது எப்படி? பழகிவிட்டாரா?

என்னைப் பற்றி எப்போதாவது கேட்கிறாரா?

டெலியா

*

ஸ்ப்ரூஸ் ரிட்ஜ்
8 மார்ச் 2015

டெலியா,

நீ கேட்டு ஆறு மாதம் ஆகிறது. பதில் எழுத நல்லதாக ஏதாவது நடக்கட்டும் என்று காத்திருந்தேன். நடக்கவில்லை.

அந்த ஆகஸ்ட் நாள்தான் கடைசி. அதற்குப் பிறகு சரிவுதான். கிறிஸ்துமஸ் மரத்தை வீட்டுக்குள் யார் நட்டது என்று சண்டை போட்டார். சட்டைப் பொத்தான் போட மாட்டார், போட்டுவிட்டால் அடிப்பார். பேசில் மாமா மட்டும் அப்படியே இருக்கிறார். சீட்டில் என்னை இன்னும் ஜெயிக்கிறார், மனதிலேயே புள்ளி எண்ணுகிறார். எப்படி என்று எனக்குப் புரியவில்லை. நல்ல பொடிதானே கொடுக்கிறோம்.

உன்னைப் பற்றி நவம்பரில் ஒரு தடவை கேட்டார். "அந்தப் பெண் பரீட்சை பாஸ் பண்ணிட்டாளா?" என்றார். எந்தப் பெண் என்று கேட்டேன். சொல்லத் தெரியவில்லை.

எல்வுட்

*

பாஸ்டன்
9 நவம்பர் 2015

அண்ணா,

செப்டம்பரில் ஆய்வு முடிந்த மறுநாளே ஓடி வந்தேனே, அந்த இரண்டு நாளைப் பற்றி எழுதப் போவதில்லை. அப்பா என்னை ஆஸ்பத்திரிப் பெண் என்று நினைத்து, ரத்தம் எடுக்கச் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கையை நீட்டினார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊசி எப்போது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். காரில் கொண்டுவந்த பலகையை இறக்கவே இல்லை.

இன்று பட்டியலைத் திறந்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் நிஜப் பொடி குடித்தவர்களுக்கும் போலி குடித்தவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நிரூபிக்க முடியவில்லை. இதற்காகத்தான் அப்பாவைப் பார்க்காமல் இருந்தேன்.

ஆனால் ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், இனி சொல்லலாம். அப்பாவுக்குக் கிடைத்தது நிஜப் பழம். நீ பிப்ரவரியில் எழுதிய அன்றே எனக்குத் தெரியும். பழத்தை உறைய வைத்து உலர்த்தும்போது சத்து நிற்கும், வாசனை போய்விடும். சாக்பீஸ்தான் மிஞ்சும். போலிப் பொடியில் பழமே கிடையாது. அது நிறமும் சர்க்கரையும் புளிப்பும். அதற்குப் பழம் போல ருசி சேர்க்கும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். ஒரு குளிர்காலம் முழுக்கக் குப்பி குப்பியாகக் கலந்தேன். எந்த ருசியைப் போய் நினைப்பேன்? நான் வர முடியாத அந்தப் பின்வயலைத்தான் நினைத்தேன். பாறைக்குப் பக்கத்துப் பழம். பைன் வாடைகூடச் சேர்த்தேன். பாஸ்டனில் ருசி பார்த்தவர்கள் யாருக்கும் எது நிஜம், எது போலி என்று தெரியவில்லை. உனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் மாற்றித் தெரிந்துவிட்டது!

அப்பா கையில் நிஜம் இருக்கிறது என்று தெரிந்துதான் தூங்கினேன். இப்போதாவது என்மேல் இருக்கும் கோபத்தை விட்டுவிடு.

டெலியா

*

ஸ்ப்ரூஸ் ரிட்ஜ்
16 நவம்பர் 2015

டெலியா,

மாற்றிவிட்டேன்.

2014 மார்ச்சில் உன் கடிதம் வந்த அன்றைக்கே மாற்றினேன். பெட்டிகளின் மேலே அவரவர் எண் போட்டு ஒட்டிய சீட்டு மட்டும்தான், உள்ளே பொட்டலங்களில் ஒன்றும் இல்லை. மருத்துவமனை வாசலில் டிரக்குக்குள் உட்கார்ந்து சீட்டுகளை உரித்து ஒன்றின்மேல் இருந்ததை இன்னொன்றில் ஒட்டினேன். ஹீட்டர் காற்றில் காட்டினால் சுலபமாக உரிந்துவிடும். மாதா மாதம் செய்தேன். பதினேழு மாதம்.

பேசில் மாமாவின் பங்கைத் திருடி அப்பாவுக்குக் கொடுப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அத்தை ஒவ்வொரு தடவையும், "உன் புண்ணியம்டா எல்வுட், நீ இல்லாட்டி நாங்க என்ன பண்ணுவோம்" என்று கேக் வெட்டிக் கொடுப்பார்கள். தின்றேன். பாவம் செய்கிறேன் என்று தெரிந்தே தின்றேன். அப்பாவுக்காக என்று சொல்லிக்கொண்டேன். செப்டம்பரில் நீ வந்திருந்தபோது சொல்ல நினைத்தேன், வாய் வரவில்லை.

அப்பாவின் கையிலிருந்த நிஜத்தைப் பிடுங்கிப் பேசில் மாமாவுக்குக் கொடுத்தவன் நான்தான். மாமா சீட்டாடுகிறார். அப்பாவிடம் நேற்று சீட்டைக் கொடுத்தேன், நாக்கில் வைத்துப் பார்த்தார்.

நீ ஒரு வார்த்தை எழுதியிருந்தால் போதுமே டெலியா. "உன் நாக்கு தப்பு" என்று மூன்று வார்த்தை. என்னைத் திட்டு. ஆனால் இதற்கும் பதில் சொல்லு.

எல்வுட்

*

பாஸ்டன்
7 டிசம்பர் 2015

அண்ணா,

திட்ட எனக்கு வாய் இல்லை.

ரத்தப் பரிசோதனைத் தாள்கள் வந்துவிட்டன. அப்பா, மாமா இருவருடைய எண்களிலும் எல்லாம் தலைகீழாக இருக்கிறது. பொடி தயாரித்தவளின் கவனக்குறைவு என்று கூட்டத்தில் சொன்னார்கள். கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து நடந்ததைச் சொல்லிவிட்டேன், நம் கடிதங்களைப் பற்றியும் சேர்த்து. அப்பாவையும் மாமாவையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். இனி இந்த ஆய்வில் எனக்கு வேலை இல்லை. பழவாசனைப் பானங்கள் செய்யும் பிரிவுக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள். அதில் நான் கெட்டிக்காரி என்று தலைவர் சொன்னார். கிண்டலாகச் சொல்லவில்லை.

ஆறுதல் சொல்ல முயன்று பார்த்தேன். மாற்றியிருந்தாலும் மாற்றாவிட்டாலும் அப்பா இப்படித்தான் ஆகியிருப்பார், பொடி எதுவும் செய்யவில்லை என்றுதானே முடிவு வந்திருக்கிறது என்று எழுதினேன். அடித்துவிட்டேன். இருநூறு பேரின் சராசரி அது. ஒரே ஒரு மனுஷரைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. மாமா நன்றாக இருப்பது பொடியினாலா, இல்லை அவருடைய நோயே மெதுவானதா, யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. இனிமேல் தெரிந்துகொள்ளவும் வழி இல்லை.

மூன்று வார்த்தை எழுதியிருக்கலாம். ஆய்வு சுத்தமாக இருக்க வேண்டும், நிரூபித்துவிட்டு வர வேண்டும் என்று நினைத்தேன். அப்பாவைவிடப் பலகையைப் பெரிதாக நினைத்துவிட்டேன் போல. இதுதான் உன் கேள்விக்குப் பதில்.

டெலியா

*

ஸ்ப்ரூஸ் ரிட்ஜ்
21 ஜனவரி 2016

டெலியா,

ஆர்வில்லா அத்தையிடம் போய்ச் சொல்லிவிட்டேன். சீட்டை உரித்தது, ஒட்டியது, கேக் தின்றது எல்லாம். அத்தை கைவேலையை மடியில் வைத்துவிட்டு, "அப்போ என் புருஷன் குடிச்சது உங்க அப்பாவோடதா?" என்றார்கள். ஆமாம் என்றேன். "திருடத்தான் வந்தே. கொடுத்துட்டுப் போயிருக்கே" என்றார்கள். பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதார்கள். நன்றி சொல்லவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை அவர்களுக்கு. கதவுவரைகூட வரவில்லை. சனிக்கிழமைச் சீட்டாட்டம் நின்றுபோயிற்று.

இப்போது எழுதுவது வேறு விஷயத்துக்கு. எழுத வெட்கமாக இருக்கிறது.

செப்டம்பரில் பொட்டலம் நின்றது இல்லையா? மிச்சமிருந்த சிலவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து கிறிஸ்துமஸ்வரை ஓட்டினேன். அதுவும் தீர்ந்தது. அன்றிலிருந்து அப்பா காலையில் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு மேஜையைத் தட்டிக்கொண்டே இருக்கிறார். ஃப்ரீசரிலிருந்து நம் பழத்தை எடுத்து அரைத்துக் கொடுத்தேன். பின்வயல் பழமேதான், நானே வாரியது. ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினார். "இது நம்ம பழம் இல்லை. யாரை ஏமாத்தறே?" என்றார். தினமும் முயன்றேன். தினமும் துப்புகிறார்.

நேற்று அலமாரிக்குப் பின்னால் ஒரே ஒரு பொட்டலம் விழுந்துகிடந்ததைக் கண்டுபிடித்தேன். கரைத்துக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டார். பழைய காலத்தில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பாரே, அப்படித் தலையைச் சாய்த்தார். "பின்வயல்" என்றார். "பாறைக்குக் கிட்ட." ஒரு வாரத்தில் அவர் பேசிய வார்த்தை இவ்வளவுதான்.

அந்தப் போலி கொஞ்சம் அனுப்ப முடியுமா?

எல்வுட்

*

பாஸ்டன்
28 ஜனவரி 2016

அண்ணா,

இத்துடன் ஒரு டப்பா அனுப்பியிருக்கிறேன். வீட்டுச் சமையலறையில் கலந்தது. தீரும்போது எழுது, எவ்வளவு வேண்டுமானாலும் செய்து தருகிறேன். ஒரு டம்ளருக்கு ஒன்றரை ஸ்பூன், குளிர்ந்த தண்ணீரில்.

இதில் பழம் கிடையாது. மூளைக்கு இதனால் எந்த நன்மையும் இல்லை. இது உனக்குத் தெரியும், ஆனாலும் நான் எழுதித்தான் ஆக வேண்டும்.

யார் செய்தது என்று அப்பா கேட்க மாட்டார். நீயும் சொல்லாதே.

டெலியா